அழித்தது நூறு எம்பி, நின்றது முழுக் கடை: பூட்-ரிப்பேரோடு ஒரு நாள்

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கோயில் கும்பாபிஷேக அழைப்பு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள். இவைதான் பிழைப்பு. கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். அதில் பெரியதில் விண்டோஸ் 10, உபுண்டு 22.04 (இலவச லினக்ஸ் ஓஎஸ்) இரண்டும் இருக்கின்றன. ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு மெனு வரும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த மெனு ஒருநாள் காணாமல் போனபோது அதை மீட்டுக்கொடுத்த பூட்-ரிப்பேர் என்ற இலவச மென்பொருளின் விமர்சனம் இது.

ஒரு டிடிபி கடைக்கு உபுண்டு எதற்கு என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பென்டிரைவுக்காகத்தான். எங்கள் கடைக்கு வரும் பென்டிரைவ்களில் பாதிக்கு மேல் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். மண்டபம், ஸ்டுடியோ, பிரவுசிங் சென்டர் என்று ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருக்கும். உபுண்டுவில் செருகினால் அந்த வைரஸ் செத்த எலி மாதிரி கிடக்கும், தேவையான ஃபைலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மேட்டர் டைப் செய்வது, வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவை இறக்குவது, இன்டர்நெட் எல்லாம் அங்கேதான். விண்டோஸ் இருப்பது பேஜ்மேக்கருக்கும் போட்டோஷாப்புக்கும் மட்டும். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதற்கு யூனிகோடு தெரியாது. ஆனால் எங்கள் பழைய டிசைன்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில்தான் இருக்கின்றன. விட முடியவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது. எங்கள் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசசரில் விண்டோஸ் 11ஐ முறைப்படி போட வழியில்லை. அதனால் விண்டோஸ் பக்கம் நெட்டே கொடுப்பதில்லை.

கடைப் பையன் ஒருநாள் அவசரத்தில் ஒரு பென்டிரைவை விண்டோஸிலேயே செருகிவிட்டான். மறுநாள் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன. சரி, எப்படியும் விண்டோஸ் மெதுவாகிவிட்டது, புதிதாகவே போட்டுவிடலாம் என்று கடை அடைத்த பிறகு உட்கார்ந்தேன். இனி வருவது முழுக்க நான் செய்த தப்பு. வேறு யார் மேலும் பழி போட முடியாது.

விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது ஹார்ட் டிஸ்கின் பகுதிகளை வரிசையாகக் காட்டும் ஒரு பக்கம் வரும். அதில் விண்டோஸ் இருந்த பெரிய பகுதிக்கு மேலே மூன்று குட்டிப் பகுதிகள். ஒன்று ஐந்நூறு எம்பி அளவில் ரிகவரி, ஒன்று 100 எம்பி சிஸ்டம், ஒன்று 16 எம்பி. எல்லாம் பழைய விண்டோஸின் குப்பை என்று நினைத்து நான்கையும் அழித்தேன். உபுண்டு இருந்த பகுதியை அளவு வைத்து அடையாளம் தெரிந்ததால் தொடவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது.

காலையில் ஆன் செய்தேன். மெனு வரவில்லை. நேராக விண்டோஸ்.

"அக்கா, உபுண்டு எங்கக்கா?" என்றான் பையன்.

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அன்று மாலை ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் கொடுக்க வேண்டும். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், தாய்மாமன்கள், பெரியப்பா சித்தப்பா என்று நாற்பது பேர் கொண்ட பட்டியல். அதை டைப் செய்து வைத்தது உபுண்டுவில். உபுண்டுவின் இஎக்ஸ்டி4 பகுதியை விண்டோஸ் அப்படியே திறக்காது. "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று மட்டும் கேட்கும். தயவுசெய்து யாரும் சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

தெரிந்த ஒரு சர்வீஸ் ஆளுக்கு போன் செய்தேன். "உபுண்டு போச்சுங்க மேடம். மொத்தமா ஃபார்மேட் பண்ணி ரெண்டையும் புதுசா போடணும். எண்ணூறு ரூபா ஆகும், நாளன்னைக்கு வாங்க" என்றார். டேட்டா என்ன ஆகும் என்றேன். "அது கஷ்டம்" என்று முடித்துவிட்டார். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பகுதியைத் தொடவே இல்லையே, எப்படிப் போகும்?

போகவில்லைதான். பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்கின் முதல் 512 பைட்டில், அதிலும் 446 பைட் இடத்தில்தான் தொடக்க நிரல் இருக்கும். விண்டோஸை மறுபடி போட்டால் அந்த இடத்தில் தன்னுடையதை எழுதிவிடும், உபுண்டுவின் கிரப் (அந்த மெனுவைக் காட்டும் தொடக்க நிரல்) காணாமல் போகும். அந்தக் காலத்து ஆலோசனைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை கொண்ட இன்றைய கம்ப்யூட்டர்களில் அப்படி இல்லை. இஎஸ்பி என்று ஒரு சின்ன ஃபேட்32 பகுதி இருக்கும். அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஒரு ஃபோல்டர், உபுண்டு ஒரு ஃபோல்டர் என்று பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும். எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். விண்டோஸை மறுபடி போட்டால் வழக்கமாக அந்த வரிசையில் தன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். உபுண்டு ஃபோல்டரைத் தொடாது.

ஆகவே இதே நிலையில் இருப்பவர்கள் எதையும் டவுன்லோட் செய்வதற்கு முன்னால் ஆன் செய்யும்போதே பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எங்கள் அசெம்பிள் செட்டில் எஃப்12. அதில் "உபுண்டு" என்று ஒரு வரி இருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயாஸ் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) உள்ளே போய் அதை முதலிடத்துக்கு நகர்த்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். இந்த விமர்சனத்தை மேலே படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் மெனுவில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" மட்டும்தான் இருந்தது. நான் குப்பை என்று அழித்த 100 எம்பிதான் அந்த இஎஸ்பி. வீடு அப்படியே இருக்கிறது, வாசற்படியைப் பெயர்த்துவிட்டேன்.

கடையில் ஒரு வென்டாய் பென்டிரைவ் உண்டு. இது ஒரு நல்ல ஏற்பாடு. ஒருமுறை தயார் செய்துவிட்டால் பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களை (ஒரு முழு இன்ஸ்டால் டிஸ்கே ஒரே ஃபைலாக இருப்பது) சும்மா காப்பி செய்து போட்டுக்கொண்டே போகலாம், எதிலிருந்து கிளம்புவது என்று அதுவே கேட்கும். அதில் உபுண்டுவும் சூப்பர் கிரப்2 டிஸ்கும் இருந்தன. முதலில் எடுத்தது சூப்பர் கிரப்தான்.

சூப்பர் கிரப்2 எதையும் சரிசெய்யாது. டிஸ்கைத் தேடி, என்னென்ன ஓஎஸ் கிடக்கிறது என்று பட்டியல் போட்டு, நீங்கள் கை காட்டியதை அந்த ஒருமுறை மட்டும் எழுப்பிவிடும். என் உபுண்டுவை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. பட்டியலில் பெயரைப் பார்த்தபோதே பாதி உயிர் வந்தது. எண்டர் தட்டினேன். எழுத்துகள் ஓடின. திடீரென்று ஒரு வரியில் நின்று ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமுமாக ஆடியது. பக்கத்தில் ஒன்றரை நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம் முடிந்ததும் "எமர்ஜென்சி மோட்" என்று சொல்லிக் கறுப்புத் திரையில் நிறுத்திவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று உபுண்டு எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் எழுதி வைத்திருக்கும். அதில் பழைய இஎஸ்பியின் அடையாள எண் இருந்தது. விண்டோஸ் புதிதாக உருவாக்கிய இஎஸ்பிக்கு வேறு எண். உபுண்டு பழையதை ஒன்றரை நிமிடம் தேடிவிட்டுக் கைவிட்டது. இஎஸ்பியை அழிக்காதவர்களுக்கு சூப்பர் கிரப் நேராக டெஸ்க்டாப் வரை கொண்டுபோய் விட்டிருக்கும். குறை என் பக்கம்தான்.

அடுத்ததுதான் பூட்-ரிப்பேர். இது தனி ஐஎஸ்ஓவாகவும் கிடைக்கிறது, உபுண்டுவை இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு அதற்குள்ளும் போட்டுக்கொள்ளலாம். என்னிடம் உபுண்டு இருந்ததால் இரண்டாவது வழி.

இங்கே ஒரு இடத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். எஃப்12 மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை வரும். ஒன்றுக்கு முன்னால் "யூஇஎஃப்ஐ" என்று இருக்கும், இன்னொன்று பெயர் மட்டும். பெயர் மட்டும் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய முறையில் கிளம்பும். அப்படிக் கிளம்பினால் பூட்-ரிப்பேரே எச்சரிக்கும், ஆனால் அதற்குள் கால் மணி நேரம் போயிருக்கும். யூஇஎஃப்ஐ என்று இருப்பதையே எடுங்கள்.

உபுண்டு டெஸ்க்டாப் வந்ததும் நான் செய்த முதல் வேலை ரிப்பேர் இல்லை. ஃபைல் மேனேஜரைத் திறந்தேன். இடது பக்கம் என் உபுண்டு பகுதி இருந்தது. கிளிக் செய்தேன், திறந்தது. ஹோம், அதற்குள் பத்திரிகை ஃபோல்டர், அதற்குள் அந்த நாற்பது பெயர்கள். அப்பாடா. முழு ஃபோல்டரையும் இன்னொரு பென்டிரைவுக்குக் காப்பி செய்து கையில் வைத்துக்கொண்டேன். "டேட்டா கஷ்டம்" என்று சொன்னவருக்கு இது தெரியாதா, சொல்ல மனமில்லையா, நான் கேட்கப்போவதில்லை. இனி ரிப்பேர் எப்படிப் போனாலும் சாயங்காலம் ப்ரூஃப் போய்விடும்.

பூட்-ரிப்பேருக்கு இன்டர்நெட் வேண்டும். கடை வைஃபை அன்று மக்கர் செய்தது. என் மொபைலை யூஎஸ்பி ஒயரில் செருகி டெதரிங் ஆன் செய்தேன், ஒயர் நெட் மாதிரி உடனே எடுத்துக்கொண்டது. டெர்மினலில் மூன்று வரிகள். பிபிஏவை (மென்பொருள் இறக்கும் கூடுதல் முகவரி) சேர்ப்பது, பட்டியலைப் புதுப்பிப்பது, இன்ஸ்டால் செய்வது. அதன் பிறகு ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். பார்க்கப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும். பெரிதாக ஒரு பட்டன், "பரிந்துரைக்கப்படும் ரிப்பேர்" என்ற பொருளில். அதற்குக் கீழே டிஸ்க் நிலவரம் பற்றிய அறிக்கை மட்டும் எடுக்க ஒரு பட்டன். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று சின்னதாக ஒன்று.

எல்லோரும் பெரிய பட்டனைத்தான் அழுத்துவார்கள். நான் முதலில் அறிக்கையை எடுத்தேன். இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அறிக்கைதான். டிஸ்கில் இருக்கும் ஒவ்வொரு பகுதியும் என்ன வகை, எவ்வளவு அளவு, அதற்குள் தொடக்கத்துக்கான ஃபைல்கள் எவை, எஃப்எஸ்டேப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் கொட்டும். முதல் பார்வையில் ஒன்றும் புரியாது. மெதுவாக ஸ்க்ரோல் செய்தபோது அந்தச் சின்னப் பகுதியின் கீழே மைக்ரோசாஃப்ட் ஃபைல்கள் மட்டும் இருந்தன. உபுண்டு என்ற சொல்லே இல்லை. கீழே எஃப்எஸ்டேப்பில் ஓர் எண், மேலே பகுதிப் பட்டியலில் வேறு எண். இரண்டையும் பில் புக்கின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். ரேஷன் கார்டில் ஒரு முகவரி, ஆதாரில் ஒரு முகவரி மாதிரி. அப்போதுதான் சூப்பர் கிரப் ஏன் பாதியில் நின்றது என்றே விளங்கியது. உதவி கேட்க வேண்டுமானால் இந்த அறிக்கையை நெட்டில் ஏற்றி லிங்க் மட்டும் அனுப்பலாம். டிஸ்க் விவரம்தான் இருக்கும், உங்கள் சொந்த ஃபைல்கள் அதில் போகாது.

பிறகு பெரிய பட்டன். இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஒரே சொடுக்கில் முடிந்துவிடும் என்று நினைத்தால், நடுவில் ஒரு ஜன்னலில் நீளமான கமாண்டுகளைக் காட்டி, இதைக் காப்பி செய்து டெர்மினலில் போடு என்கிறது. கிரப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டும் கமாண்டுகள். அந்த இடத்தில் நீலத் திரை ஒன்று வந்து கிரப்பை நீக்கலாமா என்று கேட்கும். மௌஸ் வேலை செய்யாது, டேப் கீயால் நகர்ந்து எண்டர் தட்ட வேண்டும். "நீக்கலாமா" என்றதும் கை நடுங்கத்தான் செய்தது. டேட்டா பென்டிரைவில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆமாம் என்றேன். மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும், பெரும்பகுதி நெட்டிலிருந்து இறங்குவதற்குத்தான். கடைசியில் சரியாகிவிட்டது என்ற செய்தி வந்தது. கூடவே, பயாஸை இந்த ஃபைலிலிருந்து கிளம்பச் சொல்லுங்கள் என்று உபுண்டு ஃபோல்டரில் இருக்கும் ஒரு ஃபைலின் பெயர். அதைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள்.

ரீஸ்டார்ட். பையனும் நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெனு வந்தது. உபுண்டு, அதற்குக் கீழே அட்வான்ஸ்டு, அதற்குக் கீழே விண்டோஸ் பூட் மேனேஜர். உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தேன். ஆடும் நட்சத்திரம் இல்லை. எஃப்எஸ்டேப்பையும் அதுவே புது எண்ணுக்கு மாற்றியிருந்தது.

எனக்கு மெனுவில் விண்டோஸ் உடனே வந்துவிட்டது. சிலருக்கு வராது. 2021இல் வந்த கிரப் 2.06இலிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் வேலையை இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிரப்பின் அமைப்பு ஃபைலில் ஒரு வரியை மாற்றிவிட்டு அப்டேட்-கிரப் கொடுத்தால் விண்டோஸ் மெனுவுக்கு வந்துவிடும். மறுபடி எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

யார் இதைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் தொடக்க வரிசையை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கலாம். நிறையப் பேருக்கு அது ஆன் ஆகியிருப்பதே தெரியாது. கீயை எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஆரம்பியுங்கள். இன்னொன்று, 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல டூயல் பூட் கம்ப்யூட்டர்களில் "எஸ்பிஏடி" என்ற பிழைச் செய்தியோடு லினக்ஸ் நின்றது. அங்கே பிரச்சினை, நம்பகமான தொடக்க நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு, லினக்ஸின் பழைய தொடக்க நிரலை நம்ப மறுத்தது. அந்தச் செய்தியைப் பார்த்தால் முதலில் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு லினக்ஸுக்குள் போய் அப்டேட் செய்யுங்கள். பெரிய பட்டனுக்கு அங்கே அவசரம் இல்லை.

பூட்-ரிப்பேருக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு மதிப்பெண் குறைத்தது, பெரிய பட்டன் என்னென்ன செய்யப்போகிறது என்று முதலிலேயே சொல்லாததற்கும், நெட் இல்லாமல் பெரிதாக நகராததற்கும். கமாண்டுகளைக் காப்பி செய்து போடும் இடத்தில் என் பையன் மாதிரி ஆட்கள் பயந்து நடுவில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கிரப் கழற்றிய நிலையில் பாதியில் நிற்கும். விலை? இலவசம். எண்ணூறு ரூபாயும் மூன்று வருட மேட்டரும் மிச்சம். சூப்பர் கிரப்பையும் அதே பென்டிரைவில் வைத்திருங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும்.

அதன் பிறகும் இரண்டு சில்லறைத் தொல்லைகள். புதிய விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (ஷட்டவுன் செய்தாலும் முழுதாக மூடாத வசதி) தானாக ஆன் ஆகியிருந்ததால் டி டிரைவ் உபுண்டுவில் படிக்க மட்டும் திறந்தது, எதையும் சேமிக்க முடியவில்லை. பவர் ஆப்ஷனில் அதை அணைத்ததும் சரியாயிற்று.

இன்னொன்றைக் கவனித்தது நான் இல்லை. இரவு எட்டு மணிக்கு, பெண்ணின் அப்பா வந்து ப்ரூஃபில் ஒரு சித்தப்பா பெயருக்கு முன்னால் "திரு" விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டிவிட்டு, அட்வான்ஸ் ரசீதைக் கையில் வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, மத்தியானம் ரெண்டரைன்னு போட்டிருக்கே?"

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தை உபுண்டு உலக நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கும். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். பழைய விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் இதைச் சரிசெய்து வைத்திருந்தேன், அதுவும் அழித்ததோடு போயிருந்தது. நெட் கொடுக்காததால் தானாகவும் திருந்தாது. இரவில் உபுண்டுவின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கமாண்டால் உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லி முடித்தேன்.

அவரிடம் இதையெல்லாம் விளக்கவா முடியும்? கடிகாரம் தப்பு மாமா என்றேன். அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "முகூர்த்த நேரத்தையாவது சரியாப் போடும்மா."

அதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கையால்தான் டைப் செய்திருந்தேன்.